காலி அட்டை அக்கா

சிங்கப்பூரில் சூயிங்கத்தை ஒழிக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தேக்கா வட்டாரத்தில் பீர் கிளாஸைக் கீழே வைக்கச் செய்ய ஒரே ஒரு அக்கா போதும். எல்லோரையும் இல்லை, எங்கள் கிளினிக்கில் ஒரு குறிப்பிட்ட மாத்திரையை வாங்கிக்கொண்டு போனவர்களை மட்டும். அதுவும் பத்து நாளைக்கு மட்டும். ஆனால் அந்தப் பத்து நாளில் நீங்கள் நிலாவுக்குப் போய் ஒளிந்து குடித்தாலும் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார்.

அவருக்குப் பெயர் உண்டு. பெயர்ப்பட்டை கூடச் சட்டையில் குத்தியிருப்பார். ஆனால் சந்தையில் மீன்காரரைக் கேட்டாலும் பூக்காரரைக் கேட்டாலும் 'காலி அட்டை அக்கா' என்றால்தான் தெரியும்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்த கிளினிக்கில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. நான் அடையாள அட்டையை வாங்கிப் பதிவுசெய்து எண் கொடுப்பவன். டாக்டர் எழுதிய மருந்தை எடுத்து விளக்கம் சொல்லிக் கொடுப்பவர் அவர். எனக்கு முப்பத்துச் சொச்சம். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட. டாக்டர் அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவதால் அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

அக்கா பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு, காலில் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார்.

"எதுக்குக்கா இந்த ஷூ?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஓட வேண்டி வந்தா?"

"மருந்து குடுக்கறதுக்கு எதுக்கு ஓடணும்?"

"குடுக்கறதுக்கு இல்ல தம்பி. குடுத்த பெறகு."

மற்ற மருந்துகளுக்கெல்லாம் அக்கா இரண்டு வாக்கியத்தோடு முடித்துவிடுவார். டாக்டர் மெட்ரோனிடசோல் என்று எழுதிவிட்டால் மட்டும் நாற்காலியை ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். எங்களிடம் அது அடிக்கடி போகிற மருந்து. லீவில் ஊருக்குப் போய் அமீபாவோடு திரும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இருப்பார்கள். ஈறில் சீழ் கட்டி ஒரு பக்கக் கன்னம் பன் போல வீங்கி வருபவர்கள் இருப்பார்கள். ஓரணு ஒட்டுண்ணிகளுக்கும், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கும் உள்ள மருந்து அது என்று டாக்டர் சொல்வார். அக்கா அதைத் தன் மொழியில் சொல்வார்.

"கதவ சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து அட்டகாசம் பண்றானே, அவனுக்கு உள்ளது இது. தும்முறவனுக்கு இல்ல."

இது, சளிக்கு வந்துவிட்டு "போன தடவ குடுத்த அந்த மாத்திரையே குடுங்க, நல்லா கேட்டுச்சு" என்பவர்களுக்கான பதில்.

பிறகு பிரசங்கம் தொடங்கும். எனக்கு அது மனப்பாடம்.

"சாப்பிட்டுட்டு போடுங்க. வாயில காசு கடிச்ச மாதிரி இருக்கும், அது மருந்தோட கொணம். ஒன்னுக்கு கருப்பா போனா பயந்துடாதீங்க. கை கால் மரத்துப்போனா மட்டும் உடனே போன் பண்ணுங்க. தண்ணி போடக்கூடாது. ஏழு நாளும் கூடாது, கடைசி மாத்திரைக்கு அப்புறம் மூணு நாளும் கூடாது. மீறி போட்டீங்கன்னா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, குடிச்சது எல்லாம் வெளிய வந்துடும். வலி போயிடுச்சுன்னு மூணாம் நாள் நிப்பாட்டாதீங்க. எட்டாம் நாள் காலி அட்டையோட வந்து என்கிட்ட காட்டணும்."

இந்தக் கடைசி வரி டாக்டருடையது அல்ல, எந்த மருத்துவப் புத்தகத்திலும் உள்ளது அல்ல, முழுக்க முழுக்க அக்காவின் சொந்தச் சட்டம். எங்களிடம் வந்த அட்டையில் ஏழு நாளுக்கான இருபத்தொரு மாத்திரை இருக்கும். எட்டாம் நாள் ஆட்கள் நிஜமாகவே காலி அட்டையோடு வந்து வரிசையில் நிற்பார்கள். பாரந்தூக்கி ஓட்டுகிற ஆஜானுபாகுவான ஆட்கள் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து வாங்க வந்தவர்கள் போல நிற்பதைப் பார்க்கவே தமாஷாக இருக்கும். அக்கா அட்டையை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். ஒவ்வொரு குழியையும் கட்டைவிரலால் அழுத்துவார். "ம், போங்க" என்று டிராயரில் போட்டுக்கொள்வார். தினமும் சாயங்காலம் கிளம்பும் முன் டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தரியால் நறுக் நறுக்கென்று ஏதோ செய்வார். நகம் வெட்டிக்கொள்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

பெண்களுக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். சில தொற்றுகளுக்குக் கணவனும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். அந்தச் சேதியை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவர்கள் விழிப்பார்கள். "நீங்க சொல்லவேணாம், அவர இங்க வரச் சொல்லுங்க" என்பார் அக்கா. அவர் வந்ததும் டாக்டர் அறைக்குள் அனுப்பி, மருந்தைக் கொடுத்து, "ஒருத்தர் மட்டும் சாப்பிட்டா வீட்டுக்கு முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடிச்ச கதை" என்று முடித்துவிடுவார். எட்டாம் நாள் இரண்டு அட்டை வரும்.

குடிக்காதவர்களையும் அவர் விட்டதில்லை. அதற்குக் காரணம் ஒரு பெரியவர். வெங்காயம் கூடச் சேர்க்காதவர். "என்னப் பாத்து தண்ணி போடாதன்னு சொல்றியேம்மா" என்று கோபித்துக்கொண்டு போனார். மறுநாளே முகம் தக்காளியாகச் சிவந்து, வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார். விசாரித்ததில், வீட்டில் இருந்த இருமல் மருந்தைப் பெரிய ஸ்பூனால் நாலு முறை குடித்திருக்கிறார். அந்த பாட்டிலில் சாராயச் சத்து இருந்தது. வாழ்நாள் முழுக்கக் காத்த விரதத்தை இருமல் மருந்து கலைத்துவிட்டதில் மனிதர் நொந்துபோனார். அன்றிலிருந்து யார் வந்தாலும், "வீட்டுல இருக்கற பாட்டில் எல்லாத்தையும் கொண்டாந்து காட்டுங்க" என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். வாய் கொப்பளிக்கிற மருந்து, டானிக், ஒருமுறை மீன் சாஸ் வரைக்கும் கவுன்டருக்கு வந்தது.

இனி ஷூவுக்கு வருகிறேன்.

வேலை முடிந்ததும் அக்கா கோப்பிக்கடைகளை ஒரு சுற்று சுற்றுவார். தன் ஆள் யாராவது பீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். நேராகப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ ஒன்று சொல்லிவிட்டு, அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். சுடச்சுட இருக்கிற தேநீர் ஆறுவதற்குள் அந்த ஆள் பீரைத் தள்ளிவைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு சொல்லிவிடுவார். ஒரு கடையில் பீர் ஊற்றும் சீன ஆன்ட்டியே அக்காவின் கட்சியில் சேர்ந்துவிட்டார். அக்கா தலை தெரிந்ததுமே, "இனி ஓராங் மாக்கான் ஊபாட்டா?" என்று மலாயில் மேசை மேசையாகக் கேட்பார். இந்த ஆள் மருந்து சாப்பிடுகிறவரா என்று அர்த்தம். அந்த வினாடியில் நாலு மேசையில் கிளாஸ்கள் தானாகக் கீழே இறங்கும். அதில் மூன்று பேர் எங்கள் கிளினிக் பக்கமே வராதவர்களாக இருப்பார்கள்.

வம்பு ஒரு கல்யாண விருந்தில் வந்தது. ஒரு கட்டடக் குத்தகைக்காரர் பல் வீக்கத்துக்கு மருந்து வாங்கிப்போனார். ஐந்தாம் நாள் அவர் மகளுக்குக் கல்யாணம். கிளினிக்கில் எல்லோருக்கும் அழைப்பு இருந்ததால் நாங்களும் போயிருந்தோம். நம் ஊர்க் கல்யாண விருந்தில் எல்லோரும் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு உள்ளவரை இழுத்து "யாம் செங்" சொல்லிவிட்டு ஒரே மடக்கில் குடிப்பார்களே, அதற்கு மேடையில் அவரே கிளாஸைத் தூக்கினார்.

"அது என்ன, சாறா?" என்றார் அக்கா.

"இல்லக்கா, பிராந்தி மாதிரி இருக்கு" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

மண்டபமே "யா....." என்று இழுக்கத் தொடங்கியது. எங்கள் மேசை கடைசி வரிசை. வெள்ளை ஷூ நாற்பது மேசைகளுக்கு நடுவே பறந்தது. சத்தம் "ம்"முக்கு வரும்போது அக்கா ஏதோ ஒரு மேசையிலிருந்து எடுத்த கிளாஸோடு மேடை ஏறிவிட்டார். "செங்" என்று எல்லோரும் கத்திக் கிளாஸைக் கவிழ்த்தபோது குத்தகைக்காரர் கையில் இருந்தது எலுமிச்சைச் சாறு. பிராந்தி அக்காவின் கையில். வீடியோவில் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

மறுவாரம் குத்தகைக்காரர் கிளினிக்குக்கு வந்தார். சம்பந்தி வீட்டில் எல்லோரும், உங்களுக்கு அப்படி என்ன வியாதி என்று கேட்கிறார்களாம். மனிதர் கோபப்படவில்லை, அழாத குறையாகச் சொன்னார். அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் போனதும் டாக்டர் வெளியே வந்தார். "ஒருத்தர் என்ன மருந்து சாப்பிடறார்ங்கறது அவரோட சொந்த விஷயம். மருந்து குடுங்க, சொல்ல வேண்டியத சொல்லுங்க, அதோட நிறுத்திக்கங்க. இன்னொரு தடவ இப்படி நடந்தா நான் வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கவுன்டருக்கு வெளியே தரையில் மஞ்சள் நாடா ஒன்றையும் அவரே குனிந்து ஒட்டினார். மருந்து விஷயமாக அக்கா அதைத் தாண்டக்கூடாது.

டாக்டர் சொன்னதில் தவறே இல்லை. அக்காவும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அதோடு அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார். பிரசங்கம் உண்டு, கடைசி வரி கிடையாது. யாராவது பழக்கதோஷத்தில் காலி அட்டை கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்வார். கொண்டுவராதவர்களை ஏன் என்று கேட்கமாட்டார். எனக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ நின்றுபோன மாதிரி இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு ஈறு வீங்கியது. டாக்டர் அதே மாத்திரையை எழுதினார். அக்கா தன் கையால் எடுத்துக் கொடுத்தார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. பிரசங்கத்தை ஆயிரம் தடவை கேட்டவன் நான் என்ன செய்தேன் தெரியுமா? மிச்சம் பன்னிரண்டு மாத்திரையை வீட்டு பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருக்கும். காய்ச்சலுக்குப் பாதி, இருமலுக்குப் பாதி, எதற்கென்று மறந்துபோனது பாதி என்று, அடுத்த தடவைக்கு ஆகும் என்று சேர்த்துவைத்த டின்.

எட்டாம் நாள் வந்தது. அக்கா கேட்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவனுக்கு மனசாட்சி உறுத்தாதா? அவர் கோப்பி வாங்கப் போன நேரத்தில் அவர் டிராயரிலிருந்தே ஒரு பழைய காலி அட்டையை உருவி, அவர் வந்ததும் பவ்வியமாக நீட்டினேன். லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "ம்" என்று டிராயரில் போட்டுக்கொண்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போது புக்கிட் மேரா வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிட்டுவந்தார். இரவு சாப்பாட்டின்போது நான் அக்காவைப் போலப் பேசிக் காட்டினால் அவருக்குச் சிரிப்பு தாங்காது. "ஒன்னுக்கு கருப்பா போனா பயந்துடாதீங்க" என்கிற இடத்தில் தட்டைத் தள்ளிவிட்டுச் சிரிப்பார்.

ஒரு நாள் மதியம் கிளினிக்கில் கூட்டமில்லை. பொழுது போகாமல் சொன்னேன். "அப்பாவுக்கு ரெண்டு நாளா பல் விளக்குனா ரத்தம் வருதுக்கா. கையில வேற எங்கயோ இடிச்சிக்கிட்டார் போல, நீலமா கெடக்கு."

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ரத்தத்த இளக்குற மாத்திரை சாப்பிடறவர்தான?"

"ஆமா."

"புதுசா என்ன சாப்பிட்டார்?"

"ஒன்னும் இல்லையே."

"போன் போடு."

போன் போட்டேன். அக்கா ஸ்பீக்கரை அழுத்தினார். அப்பா உற்சாகமாகத்தான் பேசினார்.

"பல் வலிச்சுதுடா. நீ வேலையா இருப்பன்னு உன்கிட்ட சொல்லல. பிஸ்கட் டின்னுல வச்சிருந்தியே, உன் பல்லு மாத்திரை, அதத்தான் போடறேன். நல்லா கேக்குது."

அக்கா போனை வாங்கினார்.

"அங்கிள், நான் கிளினிக்லேந்து பேசறேன். அட்டையில மிச்சம் எத்தன இருக்கு, எண்ணிச் சொல்லுங்க."

"அஞ்சும்மா."

அக்கா என்னைப் பார்த்தார். "நீ எத்தன போட்ட?"

"ஒன்பது" என்றேன்.

"அப்போ அங்கிள் ஏழு போட்டிருக்கார்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. எழுந்து மஞ்சள் நாடாவை மிதித்துக்கொண்டு போய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினார்.

டாக்டர் வந்து போனை வாங்கினார். "மலம் என்ன நிறத்துல போகுது?" என்று கேட்டார்.

"நல்லா கருப்பா போகுது டாக்டர். அந்த மாத்திரைக்கு கருப்பா போகும், பயப்படவேணாம்னு உங்க கிளினிக்குல சொல்லுவாங்களாமே. பையன் பேசிக் காட்டுவான்."

சிறுநீருக்குச் சொன்னதை நான் சிரிப்புக்காகச் சொல்லி, அப்பா அதை வயிற்றுக்குள் கசிந்த ரத்தத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாத்திரையும் வார்ஃபரினும் சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மீறி இளகிவிடும். இரண்டையும் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துப் பார்த்துத்தான் தரவேண்டும். டாக்டர் அங்கிருந்தே எங்கள் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னார். நாங்கள் மருத்துவமனைக்கு டாக்சி பிடிக்க ஓடினோம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினார். அந்த ஷூ எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மருத்துவமனையில், அப்பா என்ன சாப்பிட்டார், எத்தனை, எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அக்காதான் பதில் சொன்னார். ஏழு மாத்திரை, மூன்றாவது நாள், கூடவே வார்ஃபரின். அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். திட்டுக்காகக் காத்திருந்தேன். வரவேயில்லை. பொறுக்கமுடியாமல் நானே தொடங்கினேன்.

"அக்கா, அன்னிக்கு நான் குடுத்த காலி அட்டை..."

"என்னோட அட்டை. தெரியும்லா."

"எப்படி?"

"குப்பையில போடற அட்டைய எடுத்து பத்து பேரு மாத்தி மாத்தி கொண்டாந்து காட்டுவானுங்கன்னு சாயங்காலம் மூலைய வெட்டி வச்சிடுவேன். நீ மூலை வெட்டுன அட்டைய குடுத்த."

அப்போ நகம் வெட்டியது இல்லையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றார் அக்கா. "மிச்ச மாத்திரை எங்க, வீட்டுல யாரு இருக்கான்னு கேட்டிருக்கணும். இனிமே யாரையும் ஒன்னும் கேக்கறதில்லன்னு வீம்பா இருந்துட்டேன். பக்கத்துல உக்காந்திருக்கற உன்னக்கூட." பிறகு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவறு செய்தவன் நான். அழுதது அவர்.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கதையே வேறு என்று சொன்னார்கள். நான் வேலைக்குத் திரும்பிய காலையில், டாக்டர் தரையில் குனிந்து மஞ்சள் நாடாவை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். நல்ல நாடா, லேசில் வரவில்லை.

"கோப்பிக்கடைக்கெல்லாம் போகாதீங்க" என்றார் அக்காவிடம், நிமிராமல். "போன்ல கேளுங்க. கேக்காம மட்டும் இருக்காதீங்க."

அன்று முதல் நோயாளிக்கே அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிரசங்கத்தில் ஒரு புது வரி சேர்ந்திருந்தது. "வீட்டுல இருக்கற பிஸ்கட் டின்ன கொண்டாங்க." ஒரு மாதத்தில் கிளினிக் பின்னறையில் கால் வைக்க இடமில்லை. முதல் டின் எங்கள் வீட்டு டின். அதைக் காலி செய்து, கழுவி, துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். மருத்துவமனையிலேயே புது மாத்திரை கொடுத்தால்கூட, "அந்தப் பொண்ண ஒரு வார்த்தை கேட்டுட்டியா?" என்பார். கேட்டுச் சொன்னால்தான் தண்ணீரை எடுப்பார்.

டாக்டர் ஓய்வு பெற்று, கிளினிக் மூடி, அந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். போன மாதம் எனக்கு மறுபடியும் ஈறு வீங்கியது. பல் மருத்துவர் அதே மாத்திரையைக் கொடுத்தார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், மது அருந்துவீர்களா என்று அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டு, எல்லாவற்றையும் அழகாக விளக்கினார். ஒரு குறையும் சொல்லமுடியாது. நான் மட்டும், கடைசி வரி வரும் என்று கவுன்டரில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். வேறு ஏதாவது வேண்டுமா என்று அவர் கேட்டதும் வந்துவிட்டேன்.

நாலாம் நாளே வலி போய்விட்டது. ஏழு நாளும் சாப்பிட்டேன். எட்டாம் நாள் ரயிலேறி உட்லண்ட்ஸ் போனேன். அக்கா அங்கே தங்கை வீட்டில் இருக்கிறார். கண்ணாடி தடித்திருக்கிறது, முழங்கால் வலிக்கிறதாம், ஷூ மட்டும் வாசலில் வெள்ளையாக இருந்தது. என்ன ஏது என்று கேட்பதற்குள் பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டினேன். சிரிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதலில் நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு குழியாக அழுத்தினார். இருபத்தொன்றும் முடிந்ததும் தங்கையிடம் கத்தரி கேட்டு வாங்கி, ஒரு மூலையை நறுக்கி, என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"ம், போ" என்றார்.

வீட்டுக்கு வந்து அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது.